குறட்டைக்கு ஒரு பேலன்ஸ் ஷீட்!

ஆபீஸில் தூங்குகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஃபைலை விரித்து வைத்து, நெற்றிக்குக் கை கொடுத்து, 'ஆழ்ந்த சிந்தனை' போஸில் தூங்குகிறவர்கள் முதல் வகை. எழுந்துபோய் ரெக்கார்டு ரூமில், பழைய லெட்ஜர்களுக்கு நடுவே காலை நீட்டிவிடுகிற தைரியசாலிகள் இரண்டாவது வகை. மூன்றாவது வகைதான் பரிதாபம். தூங்க வேண்டும் என்ற எண்ணமே இவர்களுக்குக் கிடையாது. ராத்திரி பத்தரைக்குப் படுத்து, காலை ஆறரைக்கு எழுந்து, சுளையாக எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனாலும் பதினொன்றரை மணிக்கு மேனேஜர் எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும்!

நான் மூன்றாவது வகை.

பகலில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதி, ராத்திரியில் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதுகிற பி.காம். நான். ஒரு ஜவுளிக் கடையின் வரவு செலவை எழுதிக்கொண்டே தூங்கி, பேனா மட்டும் தானாக ஓடி, அந்தக் கடை பக்கத்து மாவட்டம் வரை கோடு போட்டு வளர்ந்திருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். "சார் நல்லா தூங்குவார், குறட்டை விட்டார்னா தெருவே எழுந்துக்கும்!" என்று முதலாளி பெருமையாகவே சொல்வார்.

நம் ஊரில் குறட்டைக்குத் தனி மரியாதை உண்டு. கும்பகர்ணனைக்கூட நாம் வியாதிக்காரன் என்று சொல்வதில்லை, வீரன் என்றுதான் சொல்கிறோம். ஆனால் குறட்டை விடுகிறவன் நன்றாகத் தூங்குகிறான் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. சில பேர் விஷயத்தில் அது நேர் எதிர்.

அது எப்படி?

தூங்கும்போது உடம்பில் எல்லாத் தசைகளும் தளர்கின்றன. தொண்டைத் தசையும்தான். நாக்கு பின்பக்கம் சரிகிறது. வழி குறுகினால் காற்று அதிர்ந்துகொண்டு போகும். அதுதான் குறட்டை. வழி முழுக்க அடைத்துக்கொண்டால்? சத்தமே இருக்காது! மார்பும் வயிறும் மூச்சுக்காகப் போராடும். காற்று மட்டும் உள்ளே போகாது. பத்து விநாடி, இருபது விநாடி, சமயத்தில் ஒரு நிமிஷம்கூட. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்க, மூளை அலறியடித்து ஆளை அரைகுறையாக எழுப்பும். ஒரு பெரிய 'கர்ர்ர்...'ருடன் மூச்சு திரும்பும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. காலையில் ஆளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. இதற்குத்தான் 'ஸ்லீப் அப்னியா' என்று பெயர்.

என் மனைவிதான் முதலில் கவனித்தாள். "என்னங்க, குறட்டை விட்டாக்கூடப் பரவாயில்லைங்க. திடீர்னு நிறுத்திடறீங்களே, அப்பத்தான் பயமா இருக்கு" என்றாள். நடு ராத்திரியில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து விநாடி எண்ணியிருக்கிறாள்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவரும் இப்படித்தான். திண்ணையில் அவர் தூங்கினால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்பார்கள். 54 வயதில் ஒரு விடிகாலை தூக்கத்திலேயே போய்விட்டார். "புண்ணியவான், நோகாம போயிட்டார்" என்று ஊரே சொன்னது. காரணம் என்ன என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, இனி கேட்டும் பலனில்லை. ஆனால் எனக்கு 38 வயதாகிறது, பையனுக்கு ஆறு வயது. அதனால் நான் கேட்கவேண்டியிருந்தது.

உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்துப் பரிசோதித்தார்கள். ரிசல்ட்: மணிக்கு 38 தடவை. நான் தூங்கிய ஆறரை மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 247 தடவை! அதிகபட்ச அடைப்பு 47 விநாடி. ஆக்ஸிஜன் 78 சதவிகிதம் வரை இறங்கியிருந்தது. எட்டு மணி நேரம் தூங்கியும் ஏன் கண் சொருகுகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா? 247 தடவை தட்டி எழுப்பப்பட்டவன் வேறு எப்படி இருப்பான்!

உலகத்தில் நான் மட்டும் இல்லை. 30 வயதிலிருந்து 69 வயது வரை உள்ளவர்களில் சுமார் 93 கோடியே 60 லட்சம் பேருக்கு இந்தப் பிரச்னை ஏதோ ஓர் அளவில் இருக்கலாம் என்று 2019-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹரி காலமானபோது, அவரது மருத்துவமனை சொன்ன காரணத்திலும் இந்தப் பெயர் இருந்தது.

வேக்குவம் க்ளீனரின் வாரிசு

டாக்டர் எழுதிக் கொடுத்தது மாத்திரை இல்லை. ஒரு மிஷின். பெயர் 'சி-பாப்'. டிபன் பாக்ஸ் சைஸில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மாஸ்க். அறையின் காற்றை உறிஞ்சி, லேசான அழுத்தத்தில் மூக்குக்குள் விடும். அந்தக் காற்றே ஒரு முட்டுக்கட்டை மாதிரி நின்று தொண்டையை மூடவிடாமல் தாங்கும். அவ்வளவுதான் வித்தை.

கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் காலின் சல்லிவன். அதற்கு முன்னால் இந்த வியாதி முற்றியவர்களுக்குக் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பதுதான் வைத்தியம்! 1980-ல் வேக்குவம் க்ளீனர் மோட்டாரை வைத்து சல்லிவன் ஒரு கருவி செய்தார். ஐந்து நோயாளிகளிடம் சோதித்து, 1981-ல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். இன்றைக்கு உலகம் முழுக்கப் படுக்கையருகே இருக்கிற பெட்டிகள் எல்லாம் அந்த வேக்குவம் க்ளீனரின் பேரப்பிள்ளைகள்தான்.

அழுத்தத்தை 'சென்டிமீட்டர் தண்ணீர்' என்ற அளவில் சொல்கிறார்கள். சாதாரணமாக 4 முதல் 20 வரை. பயப்பட வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை 10 சென்டிமீட்டர் ஆழம் விட்டுக் குமிழி ஊதிப் பாருங்கள். அதற்கு எவ்வளவு தம் கட்டவேண்டுமோ அதுதான் 10. பாதாம் பால் குடிக்கிற குழந்தைகள் தினமும் செய்கிற காரியம்!

மிஷின் கொண்டுவந்து கொடுத்த விற்பனைப் பிரதிநிதி இரண்டு நிமிஷத்தில் பாடத்தை முடித்தார். "காலையில இந்த பட்டனை அமுக்கினா ஏ.ஹெச்.ஐ.ன்னு ஒரு நம்பர் வரும் சார். அஞ்சுக்குக் கீழ இருந்தா ஓ.கே. மேல இருந்தா டாக்டரைப் பாருங்க. வரட்டுமா?"

போயே போய்விட்டார். என்னிடம் ஒரு மிஷினும் ஒரு நம்பரும் மட்டும் மிச்சம்.

முதல் ராத்திரி, 11!

ஏ.ஹெச்.ஐ. என்றால் என்ன? ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது பாதியானது என்ற சராசரி. குறைந்தது பத்து விநாடி நீடித்தால்தான் கணக்கில் சேரும். ஐந்துக்குக் கீழே சரி. 5 முதல் 15 வரை லேசான வியாதி. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் தீவிரம். மிஷின் இல்லாமல் நான் 38.

மிஷினோடு முதல் ராத்திரி வந்த நம்பர் 11.

என் மச்சினன் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். திரையை எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான். "என்ன மாமா, இவ்வளவு காசு கொடுத்து வாங்கி ஃபெயில் மார்க்கா! திருப்பிக் கொடுத்துடுங்க. நான் வேற கம்பெனி பார்க்கறேன்."

பி.காம்.காரனிடம் இப்படிச் சொல்லலாமா? நிகர நஷ்டம் என்று கடைசி வரியில் ஒரு தொகை இருந்தால், உடனே கடையை மூடிவிடுவோமா? எந்தக் கணக்கில் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்போம் இல்லையா? மிஷினின் மெனுவைக் குடைந்தேன். விவரம் கிடைத்தது.

உபயோகித்த நேரம்: 3 மணி. மொத்தச் சம்பவங்கள்: 33. அதில், அடைப்பு 6. அரைகுறை மூச்சு 8. வழி திறந்த நிறுத்தம் 15. வகை தெரியாதது 4.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'அடைப்பு' தெரிந்ததுதான். தொண்டை மூடிவிட்டது. 'அரைகுறை மூச்சு' என்பது ஹைப்பாப்னியா. காற்று நிற்கவில்லை, ஆனால் கணிசமாகக் குறைந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வருகிறது, பக்கெட் நிரம்பவில்லை என்கிற மாதிரி.

'வழி திறந்த நிறுத்த'த்துக்கு டாக்டர்கள் பாஷையில் 'சென்ட்ரல் அப்னியா'. எழும்பூருக்கு அடுத்த சென்ட்ரல் இல்லை! ஆனால் ரயில் உதாரணம் பொருந்தும். அடைப்பு என்பது தண்டவாளத்தில் மரம் விழுந்து ரயில் நிற்பது. சென்ட்ரல் என்பது தண்டவாளம் காலியாக இருந்தும், சிக்னல் விழாததால் ரயில் நிற்பது. சிக்னல் கொடுக்க வேண்டியது மூளை.

இரண்டையும் மிஷின் எப்படிப் பிரித்துப் பார்க்கிறது? மூச்சு நின்றதும் சில மிஷின்கள் விநாடிக்கு நாலு தரம் மெல்லிய காற்றுத் துடிப்பை அனுப்புகின்றன. காற்று தாராளமாகப் போய் வந்தால் வழி திறந்திருக்கிறது, அதாவது சென்ட்ரல். முட்டி நின்றால் அடைப்பு. கதவைத் தட்டி, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்கிற தபால்காரர் டெக்னிக்.

'வகை தெரியாதது' என்றால்? மாஸ்க்கில் காற்று ஒழுகிக்கொண்டிருக்கும்போது தட்டிப் பார்த்தால் பதில் சரியாகக் கேட்காது. அதனால் தனியாகப் போட்டுவிடுகிறது. எங்கள் ஊர்ப் பாஷையில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்!

மிஷினுக்குத் தெரியாத இரண்டு ரகசியங்கள்

என் 33-ல் பெரிய பங்கு சென்ட்ரல். 15. அதில் 9 எப்போது நடந்தது தெரியுமா? மாஸ்க்கைப் போட்ட முதல் இருபத்தைந்து நிமிஷத்தில். அந்த இருபத்தைந்து நிமிஷமும் நான் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு, மாஸ்க் பட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, விண்வெளிக்குப் போகிறவன் மாதிரி மல்லாந்து கிடந்தேன்!

இங்கேதான் முதல் ரகசியம். சாதாரண சி-பாப் மிஷினுக்கு நீங்கள் தூங்குகிறீர்களா, முழித்திருக்கிறீர்களா என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் காற்று போய் வருகிற வேகம்தான். முழித்திருக்கிறவன் எச்சில் விழுங்குவான், மூச்சைப் பிடித்துக்கொண்டு புரள்வான், பெருமூச்சு விட்டுக் கொஞ்சம் நிறுத்துவான். பத்து விநாடி தாண்டினால் மிஷின் ஒரு கோடு போட்டுவிடும். பரிசோதனைக் கூடத்தில் மூளை அலையையும் பார்ப்பதால், முழித்திருக்கும் நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள். மிஷினோ, மாஸ்க் மாட்டியிருந்த மொத்த நேரத்தால் வகுக்கிறது. அங்கே வந்த 38-ம் இங்கே வந்த 11-ம் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல.

இரண்டாவது ரகசியம் ஆக்ஸிஜன். 2020-ல் கொரோனா சமயத்தில் விரலில் மாட்டிக்கொண்டோமே ஆக்ஸிமீட்டர், அதைத் தனியாக இணைத்தால் ஒழிய, உங்கள் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்பது மிஷினுக்குத் தெரியாது. பரிசோதனைக் கூடம் அரைகுறை மூச்சை எண்ணும்போது, ஆக்ஸிஜன் இறங்கியதா, தூக்கம் கலைந்ததா என்றும் பார்க்கிறது. மிஷின் காற்றோட்டத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்கிறது.

சரி, நிஜமாகவே தூங்கும்போது வந்த சென்ட்ரல்? அதற்கும் விளக்கம் உண்டு. மூச்சு விடச் சொல்லி மூளைக்கு ஞாபகப்படுத்துவது பெரும்பாலும் ரத்தத்தில் இருக்கிற கார்பன்-டை-ஆக்ஸைடுதான். பல வருஷமாக அடைபட்ட தொண்டையோடு பழகிய உடம்புக்கு, திடீரென்று வழி தாராளமாகத் திறந்ததும் அந்த வாயு கொஞ்சம் அதிகமாகவே வெளியேறிவிடுகிறது. "இப்போ எதுக்கு மூச்சு?" என்று மூளை சில விநாடி கேஷுவல் லீவ் போட்டுவிடுகிறது! சிகிச்சை ஆரம்பித்த சிலருக்கு மட்டும் இப்படி வரும். அவர்களில் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே அடங்கிவிடும்.

அடங்காவிட்டால்தான் டாக்டரிடம் ஓடவேண்டும். குறிப்பாக இதயத்தில் கோளாறு உள்ளவர்கள். மூச்சு அலை மாதிரி ஏறி, இறங்கி, நின்று, மறுபடி ஏறுகிறதாக ரிப்போர்ட் காட்டினால் அது தொண்டை சமாசாரம் மட்டுமாக இல்லாமல் இருக்கலாம். அழுத்தத்தை நாமே கூட்டினால் சென்ட்ரல் போகாது. சிலருக்கு இன்னும் அதிகமாகும். சென்ட்ரலுக்கு என்றே தனி மிஷின் இருக்கிறது. ஆனால் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் சக்தி 45 சதவிகிதமோ அதற்குக் கீழோ இருந்தவர்களுக்கு அதைக் கொடுத்தபோது, இதயக் கோளாறால் ஏற்படும் மரணம் அதிகரித்தது என்று 2015-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே, மச்சினன் சொல்கிறான் என்று மிஷினை மாற்றாதீர்கள்!

மீசைக்கும் லீக்குக்கும் சம்பந்தம்

அடுத்த நம்பர், லீக். என்னைக் கேட்டால் காலையில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், ஏ.ஹெச்.ஐ.யை அல்ல. மாஸ்க் ஒழுகிய ராத்திரியின் மற்ற நம்பர்களை நம்ப முடியாது. வவுச்சர் தொலைந்துபோன கணக்கில் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

எல்லா மாஸ்க்கிலும் வேண்டுமென்றே பொடிப் பொடியாக ஓட்டை வைத்திருப்பார்கள். நாம் விட்ட மூச்சு வெளியே போவதற்காக. 'காத்து வீணாப் போகுதே' என்று அதை பிளாஸ்திரி போட்டு அடைத்துவிடக் கூடாது! இந்த ஓட்டைக் காற்றைக் கழித்துவிட்டு, தேவையில்லாத ஒழுகலை மட்டும் காட்டும் மிஷின்கள் உண்டு. இரண்டையும் சேர்த்து மொத்தமாகக் காட்டும் மிஷின்களும் உண்டு. ஆகவே உங்கள் நண்பரின் 30-ம் உங்கள் 30-ம் ஒன்றல்ல. ரெஸ்மெட் மிஷின்கள் கழித்துக் காட்டுகிற ரகம். அவற்றில் நிமிஷத்துக்கு 24 லிட்டர்தான் எல்லைக்கோடு.

முதல் ராத்திரி எனக்கு 41. காரணம் என் மீசை! ஓர் ஓரத்தில் மாஸ்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. தாடி, மீசை, வாய் திறந்து தூங்குவது, சைஸ் பொருந்தாத மாஸ்க், எண்ணெய் வழிகிற முகம்... இவைதான் வழக்கமான குற்றவாளிகள். பதினெட்டு வருஷமாக வளர்த்த மீசையை ஓரம் கத்தரித்தேன். படுப்பதற்கு முன் முகம் கழுவினேன். மாஸ்க்கை உட்கார்ந்துகொண்டு மாட்டாமல், படுத்தபடி, காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது மாட்டினேன். நாலாவது ராத்திரி லீக் 14. ஏ.ஹெச்.ஐ. 6. சஸ்பென்ஸ் அக்கவுண்ட் காலி.

அட்டெண்டன்ஸுக்கு 70 மார்க்!

செல்போனில் வருகிற மார்க்கையும் கொஞ்சம் விசாரியுங்கள். ரெஸ்மெட்டின் 'மை ஏர்' செயலி தினமும் நூற்றுக்கு மார்க் போடுகிறது. அந்த நூறில், எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தீர்கள் என்பதற்கு 70. லீக் இல்லாததற்கு 20. மாஸ்க்கை அடிக்கடி கழற்றாததற்கு 5. மூச்சுத் தடை குறைந்ததற்கு வெறும் 5! பரீட்சையில் கோட்டை விட்டாலும், கிளாஸுக்கு ஒழுங்காக வந்தவனுக்கு 95 மார்க் கிடைக்கிற காலேஜ் இது.

கேலி செய்தாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. எப்படி என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டில் ஒரு விதி. முதல் மூன்று மாதத்துக்குள், தொடர்ந்து ஏதாவது 30 நாளில், 70 சதவிகித ராத்திரிகளில் குறைந்தது நாலு மணி நேரம் மாட்டியிருந்தால் மிஷினுக்குத் தொடர்ந்து பணம் தருவார்கள். இதைக் கேட்டவுடன் பலருக்கு நாலு மணி நேரம் போதும் என்று தோன்றும். மாஸ்க்கை ராத்திரி இரண்டரைக்குக் கழற்றிப் போட்டுவிட்டுக் குப்புறப் படுப்பார்கள். காலையில் மிஷின் சொல்லும்: ஏ.ஹெச்.ஐ. 2. ஆஹா!

ஆனால் அந்த ஆள் தூங்கியது ஏழு மணி நேரம். மிஷினோடு நாலு மணி, மணிக்கு 2 வீதம் 8. மிஷின் இல்லாமல் மூன்று மணி, என்னைப் போல மணிக்கு 38 என்று வைத்தால் 114. கூட்டினால் 122. ஏழால் வகுத்தால் 17.4! திரையில் 2 என்று மின்னுகிற அதே ராத்திரியில், ஆசாமி நடுத்தர வியாதிக்காரனாகத்தான் தூங்கியிருக்கிறார். மிஷின் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த நாலு மணி நேரத்துக்கு மட்டும் கணக்குக் காட்டுகிறது. பில் போடாத விற்பனையை லெட்ஜரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பாஸ் மார்க்குக்குள் ஒரு ஃபெயில்

பத்தாவது ராத்திரி எனக்கு 4.5 வந்தது. ஆறு மணி நேரம், 27 சம்பவம். மச்சினன் கை கொடுத்தான். "பாஸ் மாமா! ட்ரீட் எப்போ?"

மிஷினில் இருக்கிற சின்ன மெமரி கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டேன். இதைப் படித்துப் படம் போட்டுக் காட்ட 'ஆஸ்கர்' என்று ஓர் இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. சினிமா விருது இல்லை, மூச்சுக்கு! நிமிஷவாரியாகக் கோடு விழும். பார்த்தால், 27-ல் 18 சம்பவம் விடிகாலை நாலரையிலிருந்து ஐந்தரைக்குள். மீதி ஐந்து மணி நேரத்தில் வெறும் 9. அதாவது ஐந்து மணி நேரம் மணிக்கு 1.8. அந்த ஒரு மணி நேரம் மட்டும் 18! சராசரி என்ற போர்வைக்குள் அது ஒளிந்துகொண்டிருந்தது. முழங்கால் ஆழம் என்று சராசரி சொன்ன ஆற்றில் இறங்கி மூழ்கினவன் கதைதான்.

அதற்கடுத்த ராத்திரிகளிலும் அதே விடிகாலைக் கொத்து. காகிதத்தில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "கனவு வர்ற தூக்கம் விடிகாலையிலதான் சார் ஜாஸ்தி. அப்போ தசை இன்னும் தளர்ந்துடும். நீங்க மல்லாந்து வேற படுத்திருப்பீங்க. ரெண்டும் சேர்ந்தா தொண்டை மூடிக்கும்" என்றார்.

பிறகு அழுத்தத்தைப் பார்த்தார். என் மிஷின் தானாக ஏற்றி இறக்கிக்கொள்கிற ரகம். 4-லிருந்து 20 வரை திறந்துவிட்டிருந்தார்கள். '95 சதவிகித அழுத்தம்' என்று ஒரு நம்பர் 10.6 காட்டியது. அதற்கு அர்த்தம், மிஷின் ஓடிய நேரத்தில் நூற்றுக்கு 95 பங்கு நேரம் அழுத்தம் 10.6 அல்லது அதற்குக் கீழே இருந்தது என்பதுதான். "உங்களுக்குத் தேவைப்படறது பத்து, பத்தரை. ஆனா ஆரம்பம் நாலுல இருக்கு. தொண்டை மூட ஆரம்பிச்ச அப்புறம் அது நாலுலேர்ந்து மாடிப்படி ஏறி வர்றதுக்குள்ள நாலஞ்சு சம்பவம் முடிஞ்சிடுது" என்று விளக்கினார். குறைந்தபட்சத்தை 7-ஆகவும், அதிகபட்சத்தை 12-ஆகவும் மாற்றினார். 4-ல் மாஸ்க்குக்குள் காற்றே போதவில்லை என்று எனக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்ததே, அதுவும் அன்றைக்கே தீர்ந்தது. ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். முதுகுப் பக்கம் ஒரு தலையணை வைத்துக்கொண்டேன்.

இந்த மாற்றத்தை நாமே செய்துகொள்ள மிஷினில் ரகசிய வழி உண்டு என்று சொல்கிற மேதாவிகள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். உங்களுக்கு வருவது அடைப்பா, சென்ட்ரலா என்பதைப் பொறுத்து வைத்தியம் தலைகீழாக மாறும். நம் வேலை கணக்கை ஒழுங்காக எழுதிக் கொண்டுபோவது. பட்ஜெட் போடுவது டாக்டர் வேலை.

கடைசியாக ஒரு நம்பர்

இத்தனை நம்பரும் மிஷின் சொல்வது. நீங்கள் சொல்ல வேண்டிய நம்பர் ஒன்று இருக்கிறது. மெல்போர்னில் எப்வொர்த் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் முர்ரே ஜான்ஸ் 1991-ல் எட்டுக் கேள்விகள் தயாரித்தார். படிக்கும்போது, டி.வி. பார்க்கும்போது, மதியம் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது, வண்டி டிராஃபிக்கில் நிற்கும்போது... இப்படி எட்டுச் சந்தர்ப்பத்தில் தூங்கிவிட எவ்வளவு வாய்ப்பு? ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 3 வரை மார்க். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் அளவுக்கு அதிகம் என்று அர்த்தம். மிஷினுக்கு முன்னால் எனக்கு 17.

ஆறு வாரம் ஓடிவிட்டது. இப்போது வாரச் சராசரி இது: உபயோகம் 6 மணி 40 நிமிஷம். லீக் 9. ஏ.ஹெச்.ஐ. 2.3. சென்ட்ரல் மணிக்கு ஒன்றுகூட இல்லை. எட்டுக் கேள்வி மார்க் 8. தினசரி நம்பரைப் பார்த்துக் கவலைப்படுவதை நிறுத்திவிட்டேன். ஒரு நாள் 4, ஒரு நாள் 1 என்று ஏறி இறங்குவது சகஜம். ஜலதோஷம் பிடித்த ராத்திரி ஏறும். கல்யாண வீட்டில் 'பார்ட்டி' முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு நிச்சயம் ஏறும். பங்கு மார்க்கெட் மாதிரிதான், ஒரு நாள் விலையை வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. வாரத்துக்கு ஒரு தரம் பார்த்தால் போதும்.

சில்லறைத் தொல்லைகள் உண்டு. காற்றை விழுங்கிவிட்டுக் காலையில் ஏப்பமாக விட்டுக்கொண்டிருந்தேன். கரண்ட் போனால் மிஷின் நின்று, தூக்கம் கலைந்துவிடும். மாஸ்க்கோடு என்னைப் பார்த்த பையன், "அப்பா யானை ஆயிட்டாரு" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தான்.

என் மனைவிக்குத்தான் புதுப் பிரச்னை. "சத்தமே இல்லீங்க. நேத்து ராத்திரி பயந்துபோய், இருக்கீங்களான்னு மூக்குல கை வெச்சுப் பார்த்தேன்" என்றாள். இப்போது மிஷினின் 'உஸ்ஸ்...' என்ற மெல்லிய சத்தம் கேட்டால் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறாளாம்.

கல்யாணமாகாத வாசகர்கள் "எங்களுக்கு விநாடி எண்ண யார் சார் இருக்கா?" என்று கேட்கலாம். மேன்ஷனில் ரூம்மேட் இருக்கிறாரே! 'நீ தூங்கினா யாருமே தூங்க முடியலைடா' என்று அவர் திட்டினால் கோபித்துக்கொள்ளாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "குறட்டை நடுவுல நிக்குதா?" அவருக்கும் தெரியாவிட்டால், செல்போனைத் தலைமாட்டில் வைத்து ஒரு ராத்திரி பதிவு செய்யுங்கள். சத்தம் வந்தால்கூட விடுங்கள். சத்தம் நின்று, அமைதி நீண்டு, பிறகு ஒரு திமிறலோடு மறுபடி ஆரம்பித்தால், அந்தப் பதிவோடு டாக்டரைப் போய்ப் பாருங்கள். மேனேஜர் ரூமுக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம்.